தூங்கானை உறங்கவில்லை: ஒரு வினைச்சொல்லும் திருத்தணிக் கற்றளியும்

திருத்தணி என்றதும் மலைமேல் முருகன்தான் நினைவுக்கு வருவார். மலையடிவார ஊரில் உள்ள வீரட்டானேசுவரர் கோயில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி கருங்கல்லால் எடுப்பித்த கோயில் அது. அதைப் பாராட்டி அரசனே பாடிய வெண்பா அங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. விமானத்தின் பின்புறம் யானையின் பின்னுடல்போல வளைந்திருக்கும். இவ்வடிவத்தைத் தமிழில் தூங்கானை மாடம் என்கிறோம். ‘உறங்கும் யானை’ என்றே இதற்குப் பலர் பொருள் சொல்கிறார்கள். அது பொருந்தாது என்பதே என் வாதம்.

‘தூங்கு’ என்பதன் பழம்பொருள் தொங்குதல், அசைதல். சோழன் எறிந்த தூங்கெயில் வானில் தொங்கிய கோட்டை. வஞ்சிப்பாவுக்குரியது தூங்கல் ஓசை. 672ஆம் குறளில் இவ்வினை காலம் தாழ்த்துதலையே குறிக்கிறது. உறக்கத்துக்கு வள்ளுவரிடம் உறங்கு, துயில், துஞ்சு என்னும் சொற்கள் தனியே உள்ளன. நிகண்டுகள் யானைக்குத் தூங்கல் என்றே ஒரு பெயர் தருகின்றன. கட்டுத்தறியில் நிற்கும் யானையைச் சற்று நேரம் பார்த்தாலே காரணம் விளங்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் எடையை மாற்றியபடி அது ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். சிற்பி கண்டது நிற்கும் யானையைத்தான்; கற்றளியின் பின்சுவர் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கிறதே தவிர, படுத்த உடலின் சாயல் அதில் இல்லை.

அப்படியானால் உறக்கப் பொருள் எப்படி வந்தது? விடை தமிழக எல்லைக்கு அப்பால், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கிலேயே இருக்கிறது. அங்குத் ‘தூகு’ என்பது ஊசலாடுதல், எடையில் நிற்றல், உட்கார்ந்தபடி தலையாட்டிக் கண்ணயர்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். முழு உறக்கத்துக்கு ‘நித்ர’. மலையாளச் சான்று இன்னும் தெளிவானது. ‘உறக்கம் தூங்ஙுக’ என்றால் உறக்கத்தால் தலை தொங்குதல். உறக்கமும் தூங்குதலும் அத்தொடரில் இரண்டு தனிச் சொற்களாகவே நிற்கின்றன. தமிழ் முதற்சொல்லை விட்டுவிட்டிருக்கலாம்; எஞ்சிய வினை அதன் பொருளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டிருக்கலாம். விடிகாலைச் சென்னை ரயிலில் கழுத்து மெல்லத் தளர்ந்து, மோவாய் மார்பில் பட்டதும் திடுக்கிட்டு நிமிர்பவரை ‘தூங்கி விழுகிறார்’ என்கிறோம். அவர் முழுதாக உறங்கவில்லை. பழம்பொருள் இத்தொடரில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இந்தப் பொருள் மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரைத்தூக்க நிலையைச் சொல்லும் ஆங்கில ‘டிரவ்சிலி’யும் (drowsily) இதே வழியில் வந்ததுதான். அதன் அடிச்சொல்லான ‘டிரவ்சி’ 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தில் தென்படுகிறது. தளர்தல், அமிழ்தல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையோடும், அதன் வழியே விழுதலைக் குறிக்கும் இன்னொரு வினையோடும் அறிஞர்கள் அதை இணைக்கிறார்கள். ஆகவே ‘டிரவ்சிலி’யைத் தமிழில் ‘உறக்கத்தோடு’ என்று எழுதுவது போதாது. ‘தூங்கி வழிந்தபடி’ என்பதே நெருக்கமானது. அதில் உடலின் தளர்ச்சியும் இருக்கிறது.

மீண்டும் கோயிலுக்கு வருவோம். தூங்கானை மாடம் என்ற பெயர் தேவாரத்திலேயே பெண்ணாகடத்துக் கோயிலுக்கு வழங்குகிறது. அக்காலத்தில் உறக்கப் பொருள் அரும்பியிருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். அரும்பியிருந்தாலும், யானைக்குத் தூங்கல் என்ற பெயரைத் தந்தது அதன் அசைவு. வடமொழிப் பெயரான கஜபிருஷ்டமும் யானையின் முதுகைச் சொல்கிறதே அன்றி உறக்கத்தைச் சொல்லவில்லை.