வெட்டுத்துணி ஜிப்புப் பை ஆன கதை

மதுரைச் சுங்குடியில் சுடிதார் தைத்தால் கடைசியில் ஒரு சாண் அகலத்துக்குத் துண்டு மிஞ்சும். ஜாக்கெட்டுக்குப் பற்றாது, எறியவும் மனசு வராது. ஒத்தக்கடையில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கும் ஓர் அக்காவின் கூடையில் அப்படிச் சேர்ந்த துண்டுதான், பஞ்சு வைத்து மெத்தென்று தைத்த இந்தச் சின்ன ஜிப்புப் பை.

துணியின் வம்சம் பெரிது. சௌராஷ்டிரர்கள் மதுரையில் வளர்த்த கைவேலை சுங்குடி. வெள்ளைத் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்று கடையில் விரித்துக் காட்டுவதில் பெரும்பகுதி அச்சு வேலை. நம் துண்டும் அச்சுதான். பைக்கு அதுவே போதும். கையால் முடிச்சிட்ட துணியில் கத்தரி வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நூலுக்கும் இதே ஊர். ஹார்வி சகோதரர்களின் மதுரை மில், 1974இல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஜிப்புதான் அசலூர்ச் சரக்கு. அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கிய மாதிரி அடிக்கடி பிடுங்கிக்கொண்டது. ஸ்வீடனில் பிறந்த கிடியன் சண்ட்பேக் 1913இல் பல்லோடு பல் கோக்கும் அமைப்பைக் கண்டுபிடித்த பிறகே அது உருப்பட்டது. இப்போது நைலான் ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி, வேண்டிய நீளம் வெட்டி, ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்கிறார்கள்.

மிஷினைப் பற்றி ஒரு சங்கதி. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞரோடு பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அதே ராமச்சந்திரன்தான் பின்னாளில் டி.வி.எஸ். குடும்பத்துச் சௌந்தரத்தை மணந்து, 1947இல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கியவர். மிஷினைப் பற்றிக் காந்தியிடம் பேசியவர் நம் பக்கத்திலேயே வந்து குடியேறினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி தையல். மேலே சுங்குடி, நடுவே பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, அடியில் மெல்லிய பருத்தி. மூன்றையும் சேர்த்துக் குறுக்குக் கோடு போட்டுத் தைக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் மேல்துணி நகர்ந்து கொசுவம் விழும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். தையலும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். தைக்கத் தைக்கத் துணி சுருங்கும் என்பதால் அளவுக்கு வெட்டுவது அதற்கப்புறம்தான். முதலிலேயே கணக்காக வெட்டி வைத்தால் பை குட்டையாகிவிடும்.

அடுத்து, மெத்தைத் துண்டின் நல்ல பக்கத்தில் ஜிப்பைக் கவிழ்த்து, மேலே தனியாக வெட்டிய லைனிங்கையும் கவிழ்த்து ஒரே தையல். மறுபக்கமும் அப்படியே. பிறகு மெத்தையை மெத்தையோடும் லைனிங்கை லைனிங்கோடும் பொருத்திச் சுற்றிலும் தைக்க வேண்டும். லைனிங்கின் அடியில் மூன்று விரல் அகலம் தைக்காமல் விட்டுவிட வேண்டும்.

"அதுக்கு முன்னாடி ஜிப்பைப் பாதி திறந்து வச்சிரணும். மறந்தா பை உள்ளுக்குள்ளேயே பூட்டிக்கிரும், பொரட்டவே முடியாது" என்றார் அக்கா. விட்ட இடைவெளி வழியாகப் பையை இழுத்துத் திருப்பி, மூலைகளை ஒரு குச்சியால் குத்திவிட்டு, அந்த இடைவெளியை மூடித் தைத்தால் முடிந்தது.

தமிழ்நாட்டு வெயிலுக்கு மெத்தைத் தையல் பெரிதாகத் தேவைப்படவில்லை. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட விரிப்போடு நம் பாட்டிகள் நிறுத்திக்கொண்டார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலையில் பிறந்ததுதான். அதற்குக் கண்காட்சியும் விலையும் கிடைத்தன. நம் விரிப்பு தொட்டிலுக்கு அடியில் கிடந்தே கிழிந்துபோனது.

பை சின்னது என்பதால் விலையும் சின்னதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது தப்புக் கணக்கு. இதில் துணிச் செலவு சொற்பம். விலையில் முக்கால்வாசியும் கைவேலைக்குத்தான். நேராக நாலு தையல் போட்டு முடிகிற பெரிய கட்டைப்பையை விட இதற்கே நேரம் அதிகம் பிடிக்கும்.

வாங்கும்போது பையை உள்புறம் திருப்பிப் பாருங்கள். ஜிப்பின் இரண்டு முனையிலும் தையல் கெட்டியாக இருந்தால் பல நாள் வரும். முதல் சில அலசல்களில் சாயம் கொஞ்சம் விடலாம், தனியாக அலசுங்கள். சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.