காவலரின் ஊதியச் சீட்டில் பிடித்தமும் மீட்பும்

‘இழப்பீட்டுத் தொகை காவலரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்’ என்று மனித உரிமை ஆணையச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அது எத்தகைய பிடித்தம், பாதிக்கப்பட்டவர் அதற்காகக் காத்திருக்க வேண்டுமா என்பதை அறிய அந்தச் சீட்டையே பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டுக் காவலரின் வழக்கமான பிடித்தங்கள் பிற அரசு ஊழியருடையவையே. 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவருக்குப் பொது வருங்கால வைப்பு நிதி. பின்னர் சேர்ந்தவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பாக அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு. இவற்றுடன் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா, குடும்பப் பாதுகாப்பு நிதி, வருமான வரி, தொழில் வரி. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது உறுப்பு. இவற்றில் எதுவும் தண்டனை அன்று.

தண்டனை பல நேரங்களில் பிடித்தப் பத்தியில் தெரிவதேயில்லை. ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டால் அடிப்படை ஊதியம் ஏறாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். திரண்ட விளைவுடன் அதை நிறுத்துவது பெருந்தண்டனை என்றும், முறையான விசாரணையின்றி விதிக்க இயலாது என்றும் குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. கீழ்நிலைக் காவலர்களாகப் பணியாற்றும் தலித் இளைஞர்களுக்கு இத்தீர்ப்பு ஒரு கேடயம்.

மனித உரிமை மீறலுக்கான மீட்பு இவற்றிலிருந்து வேறானது. மாநில மனித உரிமைகள் ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டை வழங்கும் கடமை அரசுடையது. வழங்கியதை அலுவலரிடமிருந்து மீட்க, விளக்கம் கோரும் அறிவிப்பு ஒன்றே போதும். தனியே தண்டனை விதிப்பதாயின் வரையறுக்கப்பட்ட துறை விசாரணை நடத்தலாம். ஆகவே, ‘காவலரிடமிருந்து பணம் வரட்டும், பிறகு தருகிறோம்’ என்று எந்த அலுவலகம் சொன்னாலும் நாம் அதை ஏற்க வேண்டியதில்லை. மீட்பு அரசுக்கும் அலுவலருக்கும் இடைப்பட்ட கணக்கு. மீட்புத் தொகையைக் கட்டிவிட்டதால் அவர் மீதான குற்ற வழக்கும் முடிந்துவிடாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன்படி அரசு தரும் தீருதவித் தொகையோ முற்றிலும் வேறு; அதற்கும் இந்தச் சீட்டுக்கும் தொடர்பில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் காவலரின் ஊதியச் சீட்டைக் கேட்பது பெரும்பாலும் வீண் முயற்சி. கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவர். பரிந்துரையை ஏற்று வெளியிட்ட அரசாணை, இழப்பீடு வழங்கிய நாள் ஆகியவற்றைக் கேட்பதே பயன் தரும்.