உப்பு வாவியும் உயிரின் வாசல்களும்

விபுலாநந்த அடிகளாரைப் போற்றும் இம்மலரில் அவர் வரலாற்றை மீண்டும் எழுதத் தேவையில்லை. காரைதீவு முதல் கல்லடி உப்போடை வரை அதை அறியாத வீடில்லை. ஆனால் அடிகள் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் எழுதிய யாழ் நூலின் பேரொளியில் இந்த விஞ்ஞானப் பக்கம் மங்கிப்போயிற்று. அதற்குரிய மரியாதையாக, நம் மட்டக்களப்பு வாவியின் உயிர்கள் உப்பை வெல்லும் விதம் இங்கே பேசப்படுகிறது.

திருமூலர் உடம்பை ஆலயமாகவும் வாயைக் கோபுர வாசலாகவும் கண்டார். ஒவ்வொரு கலத்தையும் அவ்வாறே காணலாம். கொழுப்பாலான மென்சவ்வு அதன் மதில். அதில் பதிந்த புரதங்கள் வாசல்கள். ஒட்சிசன் மதிலையே ஊடுருவிச் செல்லும். சோடியம் அயனுக்கோ வாசல் வேண்டும்.

மாரியில் முகத்துவாரம் வெட்டுமுன் வாவி நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும், கோடையில் உப்பேறும். இரண்டிலும் மணலை மீன் பிழைக்கிறது. உப்பு மிகுந்த காலத்தில் அது நீரைக் குடித்து, மிகை உப்பைப் பூவின் (செவுளின்) கலங்கள் வழியே வெளியேற்றுகிறது. அந்த வேலைக்கு விசை தருவது சோடியம்–பொற்றாசியம் பம்பி என்னும் புரதம். ஒரு ஏ.ரி.பி. மூலக்கூறின் சக்தியைச் செலவிட்டு மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இந்தப் பம்பியை டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957-இல் கண்டறிந்தது எதில் தெரியுமா? நண்டின் கால் நரம்பில்! நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நண்டுக்குப் பேர்போன மட்டக்களப்பார் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி இது.

கரையோரக் கண்ணா மரத்தைப் பாருங்கள். வேர் பெரும்பகுதி உப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். மீறி ஏறியதை இலையின் சுரப்பிகள் வெளியே கக்கும். வெயிலேறிய வேளையில் அந்த இலையைத் தடவினால் விரலில் வெண்துகள் ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும். நீருக்கும் தனி வாசல் உண்டு. அக்குவாபோரின் எனப்படும் அதனை இனங்கண்ட பீற்றர் அக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

வாசலாகும் புரதமும் தன் இடத்தைச் சேரவேண்டுமே! இறைபோசோமில் உருவாகும் புரதச் சங்கிலியின் தொடக்கத்திலேயே போகுமிடத்தைக் காட்டும் குறி இருப்பதைக் குந்தர் புளோபெல் நிறுவினார். 1999-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இறைபோசோமின் கட்டமைப்பை விளக்கி 2009-இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அடிகள் பேராசிரியராயிருந்த சிதம்பரத்திலே பிறந்தவர். புரதம் வழியில் தடைப்பட்டால் விளைவு கொடிது. மீனின் பூவில் குளோரைட்டை வெளியேற்றும் வாசலுக்கு இணையானது மனிதரின் நுரையீரலிலும் உண்டு. அதில் குறிப்பிட்ட ஒரேயொரு அமினோ அமிலம் குறைந்தாலும் அந்தப் புரதம் பெரும்பாலும் மென்சவ்வை எட்டாமல் கலத்துக்குள்ளேயே அழிக்கப்படுகிறது. சளி இறுகி மூச்சுத் திணறும் பரம்பரை நோய் வருகிறது.

இத்தனையையும் தமிழில் சொல்ல முடிகிறது என்றால், அடிகள் காலத்துச் சொல்லாக்கப் பணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். விஞ்ஞான ஆசிரியப் பெருமக்களே, கலமென்சவ்வுப் பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்று, கைவில்லையைக் கொடுத்து, கண்ணா இலையின் உப்பைக் காட்டுங்கள்.