வேலண்ட் ஒப்பந்தமும் கஸ்ஃபீல்டின் வாசிப்பும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டும் சிக்கலை ஆராய்பவர் எவரும் சமூகவியலாளர் ஜோசஃப் கஸ்ஃபீல்டைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1981இல் வெளிவந்த 'த கல்ச்சர் ஆஃப் பப்ளிக் ப்ராப்ளம்ஸ்' நூலில் அவர் வைத்த வாதம் கூர்மையானது. சாலை அமைப்பு, வாகன வடிவமைப்பு, பொதுப் போக்குவரத்தின்மை என ஒரு விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தும், அமெரிக்கச் சமூகம் 'கொலைகாரக் குடிகாரன்' என்ற பாத்திரத்தைப் படைத்துப் பழி முழுவதையும் அவன் தலையில் ஏற்றிவிட்டது. ஆய்வறிக்கைகளும் சட்டங்களும்கூட அந்த அறநாடகத்தின் அரங்கப் பொருள்களாயின. மதுக்கூடத்திலிருந்து காரில்லாமல் வீடு திரும்புவது எப்படி என்ற எளிய கேள்வியை யாரும் பெரிதாக எழுப்பவில்லை.

சான் டியாகோ வட்டாரத்தை வைத்து அவர் எட்டிய முடிவு இது. அந்த எல்லைக்குள் அதை மறுப்பது கடினம். பள்ளிக் கல்விக்கும் அதை அப்படியே நீட்டினால்தான் இடிக்கிறது.

நூல் வெளிவந்த அதே 1981இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலண்ட் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் இருவர் கார் விபத்துகளில் இறந்தனர். அங்கு உடல்நலக் கல்வி கற்பித்த ராபர்ட் அனஸ்டாஸ், மாணவர் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 'சாட்' (குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான மாணவர்கள்) இயக்கத்தைத் தொடங்கினார். அவர்கள் எழுதிய 'வாழ்க்கை ஒப்பந்தம்' ஒரே தாளில் அடங்குவது. மகனோ மகளோ ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம் கையெழுத்திட வேண்டும்.

அதன் தொடக்க வடிவத்தைக் கஸ்ஃபீல்டின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்க வேண்டும். நான் குடித்திருந்தாலோ, என்னை அழைத்துச் செல்பவர் குடித்திருந்தாலோ, எந்நேரமானாலும் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்வேன் என்கிறது பிள்ளையின் வாக்குறுதி. எங்கிருந்தாலும் வந்து அழைத்துப் போவேன், அல்லது டாக்சிக் கட்டணம் கொடுப்பேன், அந்த வேளையில் கேள்வி கேட்கமாட்டேன் என்கிறது பெற்றோரின் வாக்குறுதி. குடிக்கமாட்டேன் என்ற சபதம் அதில் இல்லை. பாவமும் தண்டனையும் இல்லை. டாக்சிக் கட்டணம் இருக்கிறது. கஸ்ஃபீல்ட் காணாமற்போனதாகச் சொன்ன போக்குவரத்துக் கேள்வியை இந்தத் தாள் நேராகக் கையிலெடுக்கிறது.

இது தற்செயல் என்று தள்ளிவிடலாமா? போஸ்டனின் மேற்குப் புறநகரான வேலண்ட் வழியாக ஓடிய பயணி ரயில் 1971இல் நின்றுபோனது. 1973 முதல் 18 ஆக இருந்த மாநிலக் குடிவயது 1979இல்தான் 20 ஆனது. ஆகவே இந்த மாணவர்களின் அண்ணன்மார், அக்காமார் பலர் பள்ளி முடிக்கும் வயதிலேயே சட்டப்படி குடிக்க முடிந்தவர்கள். கார் தவிர வேறு வழி குறைந்த ஊரில், குடி சட்டென நின்றுவிடாது என்று அறிந்தவர்கள் எழுதிய வாசகமாகவே இது படுகிறது. நேரடிச் சான்று மெலிந்ததுதான். எனினும் 'அறநாடகம்' என்ற விளக்கத்தைவிட இது வாசகத்துக்கு நெருக்கமானது.

கஸ்ஃபீல்டுக்குச் சாதகமான சான்று பின்னாளில் கிடைக்கிறது. 21 வயதுக் குறைந்தபட்ச வரம்பை ஏற்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் சட்டம் 1984இல் வந்தது. 1997இல் இயக்கம் தன் பெயரிலிருந்து குடிபோதை ஓட்டுதலை நீக்கி, 'அழிவுதரும் முடிவுகளுக்கு எதிரான மாணவர்கள்' ஆயிற்று. ஒப்பந்தத்தின் பிந்தைய வடிவத்தில் மதுவும் போதைப்பொருளும் தொடாதிருக்க முயல்வேன் என்ற உறுதிமொழி முன்னுக்கு வருகிறது. டாக்சிக் கட்டணம் மறைகிறது. வாசகம் மாறியதும் பெயர் மாறியதும் ஒரே ஆண்டில்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் நடத்தப்படும் 'பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை' என்ற விழிப்புணர்வு நிகழ்ச்சியோ அசல் நாடகமேதான். எமன் வேடமிட்டவர் வகுப்பிலிருந்து ஒரு மாணவரை அழைத்துப் போவார். மைதானத்தில் போலி விபத்து அரங்கேறும். பெற்றோர் இரங்கற்குறிப்பு எழுதுவார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் மது தொடர்பான விபத்தில் இறக்கிறார் என்ற அதன் தலைப்புக் கணக்கே சற்று மிகை. 1982இல் அமெரிக்காவில் மது தொடர்பான சாலை மரணங்கள் சுமார் 26,000 என்பதே மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும். 2008இல் கலிபோர்னியாவின் ஓஷன்சைடில், இதே பாணியில், சக மாணவர்கள் வார இறுதியில் இறந்துவிட்டதாகச் சீருடைக் காவலர்களே வகுப்புகளில் அறிவித்தார்கள். பிள்ளைகள் கதறி அழுதார்கள். அது பொய் என்பது பல மணி நேரம் கழித்தே சொல்லப்பட்டது.

ஆயினும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி இரண்டு வடிவங்களிலும் நிலைத்திருக்கிறது: தாமும் குடித்துவிட்டு ஓட்டமாட்டோம், பாதுகாப்பான வேறு வழி தேடுவோம் என்று பெற்றோர் பிள்ளைக்கு எழுதித் தரும் உறுதி. கஸ்ஃபீல்டின் நாடகத்தில் குற்றவாளி எப்போதும் வேறொருவன். வேலண்ட் தாளிலோ அவன் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்திடுகிறார்.