கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் இருபாலர் விடுதி முறை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர் தங்கி, உண்டு, படிக்கும் விடுதியாகவும் கல்லூரியே அமைகிறது. ஆகவே கல்லூரியில் இடம் பெறாதவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பும் பொதுவாக எட்டாது. பல நூற்றாண்டுகளாக அந்த இடங்கள் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன.

1869இல் எமிலி டேவிஸ், பார்பரா போடிசான் ஆகியோர் ஹிட்சின் என்னும் ஊரில் ஐந்து மாணவியருடன் பெண்கள் கல்லூரி ஒன்றைத் தொடங்கினர். 1873இல் அது கேம்பிரிட்ஜை அடுத்த கிர்ட்டனுக்கு மாறி, அவ்வூரின் பெயரைப் பெற்றது. இதற்கிடையில், 1871இல் நியூன்ஹாம் தோன்றியது. ஆயினும் பெண்களுக்கு முழுப் பட்டம் 1948இல்தான் கிடைத்தது. அதன் பின்னரும் பெண்கள் கல்லூரிகள் மிகச் சிலவே இருந்ததால், மாணவியருக்கான இடங்களும் குறைவாகவே இருந்தன.

1972இல் சர்ச்சில், கிளேர், கிங்ஸ் ஆகிய ஆண்கள் கல்லூரிகள் பெண்களையும் சேர்த்தன. 1979இல் கிர்ட்டன் இளநிலைப் படிப்பில் ஆண்களைச் சேர்த்தது. ஆண்கள் கல்லூரிகளுள் கடைசியாக 1988இல் மாட்லின் கல்லூரி மாறியபோது, மாணவர் சிலர் கறுப்புப் பட்டை அணிந்து எதிர்ப்பைக் காட்டினர். நியூன்ஹாம் இன்றும் பெண்கள் கல்லூரியாகவே நீடிக்கிறது.

1869இல் பெண்களுக்குத் தனி விடுதி ஒன்றே வழியாக இருந்தது. இன்று அது, விரும்பும் மாணவி தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகளுள் ஒன்று.