ஒரு நியமனமும் ஒரு கடிதமும்

2015 தை 30 ஆம் திகதி கனகசபாபதி ஸ்ரீபவன் இலங்கையின் பிரதம நீதியரசரானார். எண்பதுகளில் சர்வானந்தா இருந்த கதிரையில் மீண்டும் ஒரு தமிழர். கோப்பை கழுவுகிற இடங்களிலும் நாம் அதையே பேசி மகிழ்ந்தோம். அந்தக் கதிரை எப்படி வெறுமையானது என்று கேட்க அப்போது எமக்குத் தோன்றவில்லை.

கதை 1996 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஐப்பசியில் சனாதிபதி சந்திரிகா, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஷிராணி பண்டாரநாயக்கவை உயர் நீதிமன்ற நீதியரசராக்கினார். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவர். வழக்காடிப் பழகாதவர் என்று ஆட்சேபம் எழுந்தது. அடிப்படை உரிமை மனுக்களும் போயின. மனுக்கள் எடுபடவில்லை. ஆனால் 1997 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ கூறிய கருத்து நிலைத்தது: நியமிக்கும் அதிகாரம் சனாதிபதியுடையது, ஆயினும் அது எல்லையற்றதல்ல.

அதே ஷிராணி 2011 இல் பிரதம நீதியரசரானார். மறுவருடம் திவிநெகும சட்டமூலம் வந்தது. அதற்கு மாகாண சபைகளின் கருத்தைக் கேட்கவேண்டும் என்றது அவருடைய நீதிமன்றம். வடக்கில் அன்று தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் கூறமுடியாது என்றும் சொன்னது. அந்நாட்களிலேயே, கார்த்திகை முதலாம் திகதி, 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் போனது.

நீதியரசரை விசாரித்துக் குற்றம் காணும் அதிகாரம் நிலையியற் கட்டளையால் வராது, சட்டத்தால் வரவேண்டும் என்று 2013 தையில் உயர் நீதிமன்றம் கூறியது. தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச்செய்தது. பாராளுமன்றமோ 155 க்கு 49 என்று வாக்களித்து அவரை அனுப்பியது. மொஹான் பீரிஸ் பதவியேற்றார். அந்த நியமனத்துக்கு எதிராகவும் மனுப் போனது, கதிரை அசையவில்லை.

2015 இல் ஆட்சி மாறியது. ஷிராணியை நீக்கியது முறைப்படி நடக்கவில்லை, ஆகவே பீரிஸின் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சனாதிபதி மைத்திரிபால அறிவித்தார். அதற்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது. ஷிராணி மீண்டும் வந்து மறுநாளே ஓய்வுபெற்றார். அதற்கடுத்த நாள் ஸ்ரீபவன்.

பீரிஸின் நியமனம் பிழையென்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து எமக்கு வருகிற கடிதத்தில்கூடக் காரணம் எழுதியிருக்கும். மேன்முறையீட்டுக்கு நாளும் குறித்திருக்கும். நாட்டின் முதல் நீதிபதிக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.

வேறு வழி உண்டென்பதைப் பின்னர் கண்டோம். 2024 இல் தேசபந்து தென்னகோன் பொலிஸ் மா அதிபரானபோது, அரசியலமைப்புப் பேரவையில் அவருக்கு விழுந்தவை 4 வாக்குகளே, 5 வேண்டும் என்று மனுதாரர்கள் காட்டினர். ஆடியில் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையிட்டு அவரைக் கடமையாற்றாமல் தடுத்தது. பின்னர் 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணைக்குழு, அதன் அறிக்கை, 2025 ஆவணியில் பாராளுமன்றத்தில் 177 வாக்குகள். ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டதுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் அவருக்குப் பதில் சொல்ல இடமிருந்தது.

எமக்குப் பிடித்தவர் வந்தார் என்பதற்காக அந்தக் கடிதத்தை நாம் மறந்துவிடக்கூடாது. நாளை எம்மவர் ஒருவரை இன்னொரு கடிதம் வீட்டுக்கு அனுப்பினால், எந்த வாயால் நியாயம் கேட்போம்?