புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வேலை: விலகல் கடிதத்துக்கு அவசரம் வேண்டாம்

சிகிச்சைக்கு விடுப்பு கேட்கத் தயங்கி, தாமாகவே வேலையை விட்டுவிடுவோர் உண்டு. நஷ்டம் அவர்களுக்குத்தான். தாமாக விலகியவருக்குச் சொக்சோவின் வேலை காப்புறுதி உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது.

தீபகற்ப மலேசியாவில், 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சேவைக்காலத்தைப் பொறுத்து 14 முதல் 22 நாள் வரை கிடைக்கும் சாதாரண எம்.சி. இதில் கழிக்கப்படாது. வார்டில் சேராவிட்டாலும், சேரவேண்டிய அளவுக்கு நோய் என மருத்துவர் சான்று தந்தால் போதும்.

வேலைக்குத் திரும்பும்போது நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரவேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தது விண்ணப்பம் ஆகாது.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியவருக்குப் பின்னாளில் கை வீங்கலாம். பால் வாளி தூக்குவதற்கும் செம்பனைக் குலை ஏற்றுவதற்கும் முன், எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய வேலையே இனி முடியாது என்றால், சொக்சோ சந்தாதாரர்கள் அருகிலுள்ள அதன் அலுவலகத்தில் 2007 முதல் நடந்துவரும் 'மீண்டும் பணிக்கு' திட்டம் பற்றி விசாரிக்கலாம். தகுதி பெறுவோருக்கு உடல் மறுவாழ்வுச் சிகிச்சையுடன், தோதான வேலை தேடவும் அங்கு உதவுகிறார்கள்.